நாலு அங்குலம் குறைந்த கழி

திங்கட்கிழமை காலை வந்த மின்னஞ்சல் மூன்றே வரி. விஜியின் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம், 2021-இல் வெளியான மட்டாஞ்சேரி வடிகால் அறிக்கையோடு பெரும்பாலும் ஒத்திருப்பதாகப் புறத் தேர்வாளர் எழுதியிருக்கிறார். அங்கே அந்த அறிக்கைக்கு மேற்கோள் இல்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குழுவின் முன் வந்து விளக்கம் தர வேண்டும்.

நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பிறகு வாசல்படியில் உட்கார்ந்து மூன்றாவது தடவை படித்தாள். தலைக்கு மேலே, கூரை விளிம்புக்கு அடியில், அப்பாவின் மூங்கில் கழி இரண்டு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போய் மூன்று மாதம் ஆகியும் அதை யாரும் இறக்கவில்லை.

ஸுப்ரியா மிஸ் போனில் வந்தார். களமசேரி வளாகத்தில் விஜியின் எம்.டெக். ஆய்வுக்கு வழிகாட்டி அவர். கோபப்பட்டால் மலையாளத்தை விட்டு, தனக்குத் தெரிந்த தமிழுக்கு வருவார். அன்றைக்குத் தமிழில்தான் பேசினார்.

"விஜி, நேரா சொல்லணும். அந்த ரிப்போர்ட் உன் லிஸ்ட்ல இருக்கு. இருபத்திமூணாவது. நீ படிச்சதா, இல்லையா?"

விஜி வாயைத் திறந்தாள். படித்தேன் என்றால், பார்த்து எழுதினேன் என்று ஆகும். படிக்கவில்லை என்றால், படிக்காததைப் படித்ததாகப் பட்டியலில் போட்டேன் என்று ஆகும். இரண்டு பக்கமும் சுவர்.

"பாத்துட்டு சொல்றேன் மிஸ்."

"இதுல பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

உண்மை என்னவென்றால், அவள் படிக்கவில்லை. ஆனால் நான்காம் அத்தியாயத்தை எங்கிருந்து எடுத்தாள் என்பது அதைவிடச் சொல்ல முடியாத விஷயம்.

அது அப்பாவிடமிருந்து எடுத்தது.

சங்கரலிங்கம் கொச்சி மாநகராட்சியில் ஓடை சுத்தம் செய்யும் தொழிலாளி. பத்தொன்பது வயதில் பதிலாளாகச் சேர்ந்தார். நிரந்தரமாவதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. மட்டாஞ்சேரியில் பலகைக் கல் மூடிய பழைய மழைநீர் ஓடைகள் எங்கே வளைகின்றன, எங்கே ஒன்றோடொன்று சேர்கின்றன, எந்தக் கடைக்காரர் எந்த வருஷம் எந்த வாயை அடைத்துத் திண்டு கட்டினார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் நுழைய மாட்டார். பின்பக்கம் போய்ச் சிவப்பு சோப்பில் இரண்டு தடவை குளித்துவிட்டுத்தான் வருவார். அதன் பிறகு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. டிவியில் பந்தாட்டம், கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும், தூக்கம். மகள் ஓடைப் பக்கம் வருவது அவருக்குப் பிடிக்காது. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அவள் கை காட்டியதற்கு, அவர் அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகளும் அதைப் பழகிக்கொண்டாள். அப்பா என்ன செய்கிறார் என்று கல்லூரியில் கேட்டால், "கார்ப்பரேஷன்ல" என்பாள். கேட்டவர்கள் ஆபீஸ் என்று எடுத்துக்கொள்வார்கள். அவள் திருத்தியதில்லை.

ஆய்வுக்கு அவள் எடுத்தது அதே ஓடைகள். பதினான்கு இடங்களில் மூடுகல்லிலிருந்து கல்தரை வரை ஆழம் வேண்டும். கல்லைத் தூக்க அனுமதி வேண்டும், ஆள் வேண்டும். மூன்று இடத்தில்தான் கிடைத்தது. மிச்சம் பதினொன்றை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கேட்டாள். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதினான்கையும் சொன்னார். நாலடி. மூணேமுக்கா. நாலே கால். கூவப்பாடத்தில் வேலியேற்றத்தின்போது, கடல் ஏறும் நேரத்தில், தண்ணீர் பின்னுக்குப் போகும், அதனால் இறக்கம் பார்த்துத்தான் இறங்கணும் என்றார். அவள் அளந்திருந்த மூன்றோடு ஒத்துப்பார்த்தாள். அரை அங்குலம்கூட விலகவில்லை. மீட்டரில் முள்ளைப் பார்த்து எழுதிக்கொள்வதைப்போல எழுதிக்கொண்டாள்.

அட்டவணையின் அடியில், "ஆதாரம்: ஆய்வாளரின் கள அளவீடு" என்று போட்டாள்.

அத்தியாயம் முடிந்ததும் ஒரு நாள் அதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். எல்லாம் சரியா என்று பார்க்கத்தான். அவர் கேட்டுவிட்டு, "இதெல்லாம் முன்னாடியே ஒரு சாருக்குச் சொல்லியாச்சே" என்றார். எந்த சார் என்று அவள் கேட்கவில்லை. அச்சு எடுக்கும் கடை எட்டு மணிக்கு மூடிவிடும். அவசரம்.

பிறகு அவருக்கு எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் எட்டு நாள். ஆய்வேட்டில் பாக்கி இருந்தது இரண்டாம் அத்தியாயம் மட்டும்: இந்த விஷயத்தைப் பற்றி முன்பு யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது. அதை அவள் வார்டுக்கு வெளியே, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். ஸுப்ரியா மிஸ் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. முதலில் சுருக்கம், அடுத்து முடிவுரை, அப்புறம் படங்கள். வேலைக்கு ஆகும் என்று தோன்றினால் மட்டும் முழுசாகப் படிக்க வேண்டும். அவள் கடைசிப் பாதியை விட்டுவிட்டாள். நாற்பத்தியொரு கட்டுரைகள், அறிக்கைகள். எல்லாவற்றிலும் சுருக்கமும் முடிவுரையும் மட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினாள், பட்டியலில் சேர்த்தாள். இருபத்திமூன்றாவது அந்த வடிகால் அறிக்கை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவள் படித்தது நாலு பக்கம்.

எட்டாம் நாள் அவர் போய்விட்டார். பதினைந்தாம் நாள் அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். தேதி அது; தள்ளிப்போடக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. காக்கநாட்டில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, பட்டம் கையில் வந்தால்.

இப்போது பட்டம் நான்காம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அன்று மத்தியானம் அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். இந்தத் தடவை எதையும் தாண்டவில்லை. சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவுக்கு "ம்" என்றாள், போகவில்லை. ஐந்தாம் பகுதிக்கு வந்தபோது தன் ஆய்வேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதே பதினான்கு இடங்கள். அதே வரிசை. அந்த வரிசை வரைபடத்தில் வரும் வரிசை இல்லை. மூன்றாவதில் தொடங்கி, ஆறுக்குத் தாவி, பின்னால் வந்து ஒன்றைத் தொடும். கூவப்பாடத்தில் பின்னுக்குப் போகும் தண்ணீரும் இருந்தது. இதைப் படித்த எவரும் அவளைத் திருடி என்றுதான் சொல்வார்கள். அவளே சொல்வாள்.

பின்னிணைப்பு ஆறில், சின்ன எழுத்தில், ஓர் அட்டவணை. அளவுக் கருவி: அளவுகோல், ஒன்று. தகவல் தந்தவர்: தொழிலாளி-3.

ஆஸ்பத்திரி பெஞ்சில் இந்தப் பக்கம் அவள் போனில்தான் இருந்தது. தொழிலாளி-3 பத்தடி தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார். ஒரு விரலால் தள்ளியிருந்தால் பக்கம் வந்திருக்கும். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தாள். அழுதால் பக்கம் நகராது.

எண்களை ஒப்பிட்டாள். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. செர்லாயில் அவளுடையது நூற்றுப் பதினான்கு சென்டிமீட்டர், அறிக்கையில் நூற்று இருபத்துநான்கு. அடுத்ததில் பத்து. அதற்கடுத்ததிலும் பத்து. பதினான்கு இடத்திலும் அறிக்கையின் எண் பத்து சென்டிமீட்டர் கூடுதல்.

தாறுமாறாக வரும் பிழை அளந்தவனுடையது. ஒரே அளவாக வரும் பிழை கருவியுடையது. முதல் வருஷப் பாடம் அது. ஆனால் யார் கருவி?

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் சாயாக்கடைக்குப் போனாள். ஓடை வேலைக்காரர்கள் கூடுவது அங்கேதான். மேஸ்திரி வருகை போடுவதும் அங்கேதான். அப்பாவோடு இருபது வருஷம் ஜோடியாக இறங்கிய இசக்கிதுரை பெஞ்சில் இருந்தார். அவளைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, நீ எங்க இங்க? அண்ணன் இருந்திருந்தா என்னை வெட்டியிருப்பாரு."

"சித்தப்பா, உங்க கூட இன்னைக்கு வரட்டா? கல்லு தூக்கும்போது நான் டேப் வச்சு அளக்கணும்."

"எத்தனை?"

"பதினாலும்."

"மூணு நாள் ஆகும் மோளே. எதுல இருந்து ஆரம்பிக்கணும்?"

"நீங்க எப்பவும் எதுல ஆரம்பிப்பீங்க?"

இசக்கிதுரை கடைக்கு எதிரே இருந்த மூடுகல்லைக் காட்டினார். "இதுல தான். சாயா குடிச்ச கையோட. இங்கருந்து ஆறாவது, ஏன்னா அங்க வெயில் சீக்கிரம் வந்துரும். பொறவு திரும்பி வரும்போது ஒண்ணாவது."

வரைபடத்தில் அந்தக் கல் மூன்றாம் எண். விஜி அந்த வரிசையை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வியாழன் சாயங்காலத்துக்குள் பதினான்கும் முடிந்தது. எஃகு நாடாவும் அப்பா சொன்னதும் ஒன்றாகவே வந்தன. அதிகபட்ச வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர். அறிக்கை மட்டும் பத்து கூடுதல். கடைசிக் கல்லை மூடிவிட்டுக் கையைக் கழுவும்போது அவள் கேட்டாள்.

"சித்தப்பா, ரெண்டாயிரத்து இருபது இருபத்தொண்ணுல ஒரு சார் வந்து அளந்தாரா?"

"வந்தாரே. தொப்பி வச்சுக்கிட்டு. முதல் நாள் கேமரா மாதிரி ஏதோ கொண்டு வந்தாரு, சேத்துல விழுந்து போச்சு. பொறவு அண்ணன் கழியை வாங்கிக்கிட்டாரு. ரப்பர் வளையத்தை எண்ணுவாரு, மிச்சத்தை ஸ்கேல் வச்சுப் பாப்பாரு, எழுதுவாரு. அண்ணன் சத்தம் போட்டாரு: சாரே, நாலு இஞ்சு கொறைக்கணும், நாலு இஞ்சு கொறைக்கணும்னு. சார் கேக்கல. 'நீ வழி மட்டும் சொல்லு'ன்னுட்டாரு."

"ஏன் நாலு இஞ்சு?"

"பதினெட்டுல, பிரளய வருஷம், கழி கல்லுக்கிடையில மாட்டி அடி ஒடைஞ்சு போச்சுல்லா. வளையம் எல்லாம் தார் வச்சு ஒட்டினது. கழட்டி மறுபடி மாட்டுறதுக்கு உங்கப்பனுக்கு மடி, சோம்பல். 'எனக்குத் தெரியும்லே, நான் மனசுல கொறைச்சுக்குவேன்'னாரு. அதுக்கப்புறம் எல்லாம் மனசுலதான். நான் எடுத்தா எனக்கு மறந்து போகும், திட்டு வாங்குவேன்."

வீட்டுக்கு வந்ததும் விஜி நாற்காலி போட்டு ஏறிக் கயிற்றை அவிழ்த்தாள். அம்மா கற்பகம் கதவருகில் வந்து நின்றாள். "அதை ஏன் எடுக்குற?" என்றாள். குரலில் பதற்றம் இருந்தது.

"அளக்கணும்மா."

பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ஏழு வளையங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் சரியாக ஓர் அடி. அடிமுனையிலிருந்து முதல் வளையத்துக்கு மட்டும் எட்டு அங்குலம்.

வெள்ளிக்கிழமை கழியை எப்படிக் கொண்டுபோவது என்பதே பெரிய பாடாகிவிட்டது. படகில் ஏற்ற மாட்டார்கள், பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். இசக்கிதுரை லீவு போட்டுவிட்டு மருமகன் ஷிபுவின் சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோவைக் கூட்டிவந்தார். கழியின் முனையில் சிவப்புத் துணி கட்டி, பின்னால் நீட்டிக்கொண்டு போனார்கள். வளாக வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"இதெந்தா சேட்டா, துறட்டியோ? மாங்காய் பறிக்கவா?"

"இன்ஸ்ட்ருமென்ட்" என்றார் இசக்கிதுரை, சிரிக்காமல்.

குழுவில் மூன்று பேர். நடுவில் தலைமுடி முழுக்க நரைத்த பேராசிரியர். ஸுப்ரியா மிஸ் ஓரத்து நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பேச உரிமை இல்லை. பேராசிரியர் பாலக்காட்டுக்காரர். தமிழிலேயே கேட்டார்.

"இந்த ரிப்போர்ட்டை நீங்க படிச்சேளா, இல்லையா?"

நாலு நாளாக அந்த இரண்டு சுவருக்கும் நடுவில் அவள் ஒரு வழி தேடியிருந்தாள். கிடைக்கவில்லை.

"ஆய்வேடு குடுக்கறதுக்கு முன்னாடி படிக்கலை சார். சுருக்கமும் முடிவுரையும் மட்டும்தான். இப்போ முழுசாப் படிச்சிருக்கேன்."

"பின்னே லிஸ்ட்ல எதுக்கு?"

"தப்பு சார்."

"எத்தனை இந்த மாதிரி?"

"நாற்பத்தொண்ணும்."

இடதுபக்கம் இருந்தவர் பேனாவை மூடினார். ஸுப்ரியா மிஸ் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி. அப்போ நாலாம் அத்தியாயம் யாரோடது?"

"எங்கப்பா சொன்னது சார்."

"அப்பா என்ஜினியரா?"

"இல்ல. கார்ப்பரேஷன்ல ஓடை சுத்தம் பண்றவர். மூணு மாசம் முன்னாடி இறந்துட்டார். இந்த ரிப்போர்ட்டுக்கும் அவர்தான் சொல்லியிருக்கார். தொழிலாளி-3ன்னு போட்டிருக்கு."

"இறந்துபோனவரைக் கூப்பிட்டு நான் கேக்க முடியாதே."

அவள் கழியை மேஜைமேல் வைத்தாள். அது நீளமாக இருந்ததால் வலதுபக்கத்தவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார். இசக்கிதுரை சொன்னதைச் சொல்லிவிட்டு அவள் நாடாவை நீட்டினாள். அடிமுனையிலிருந்து முதல் வளையம், எட்டு அங்குலம். பிறகு மூன்று வரிசை எண்கள் கொண்ட தாளைக் கொடுத்தாள்: அறிக்கை, அப்பா, எஃகு நாடா. பேராசிரியர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். பதினான்கையும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். ஓரத்தில் பத்து, பத்து, பத்து என்று எழுதிக்கொண்டே போனார். கடைசியில் கழியின் உடைந்த முனையைக் கட்டைவிரலால் தடவினார்.

"ரிப்போர்ட் எழுதினவர் இதைப் பிடிச்சு அளந்திருக்கார். கொறைக்கலை. சரிதான். நீங்க அவர் ரிப்போர்ட்லேருந்து எடுக்கலை. எடுத்திருந்தா பிழையும் கூட வந்திருக்கும்."

விஜிக்கு மூச்சு வந்தது. அது அதிக நேரம் நிலைக்கவில்லை.

"ஆனா இங்க என்ன எழுதியிருக்கேள்? 'ஆய்வாளரின் கள அளவீடு.' அவர் தொழிலாளி-3ன்னாவது போட்டார். நீங்க அதுகூடப் போடலை. நீங்க அவர்கிட்டேருந்து திருடலை, வேற ஒருத்தர்கிட்டேருந்து திருடியிருக்கேள். ஏன்?"

கோப்பில் எழுதப்படப்போகும் பதில் என்று தெரிந்தது. தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லலாம். நேரமில்லை என்று சொல்லலாம். அப்பா பேர் வேண்டாம் என்றார் என்றுகூடச் சொல்லலாம். மறுக்க அவர் இல்லை.

"வெக்கம் சார்" என்றாள்.

வெளியே இசக்கிதுரை யாரிடமோ சாயாக்கடை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

முடிவு அன்றைக்கே வந்தது. திருத்தி எழுத முப்பது நாள். ஒரே ஒரு வாய்ப்பு. ஆதாரத்தை மறைத்ததாகக் கோப்பில் குறிப்பு ஏறும், அது போகாது. அப்பாவிடம் முதலில் தகவல் வாங்கிய அறிக்கைக்கும் உரிய இடத்தில் மேற்கோள் தர வேண்டும். காக்கநாட்டுக் கம்பெனி முப்பது நாள் காத்திருக்குமா என்று அவள் கேட்டு எழுதினாள். பதில் வரவில்லை.

நாற்பத்தியொன்றையும் அவள் மறுபடி எடுத்தாள். இந்த முறை முழுசாக. ஒவ்வொன்றையும் படித்து முடித்த பிறகு, இதிலிருந்து நான் எதை எடுத்தேன் என்று ஒரு தாளில் எழுதினாள். எழுத ஒன்றும் இல்லாதவற்றை நீக்கினாள். பதினேழு மிஞ்சியது. கழி சுவரோரம் கிடந்தது; ஒன்றரை அறை வீட்டில் அதைத் தாண்டாமல் யாரும் அடுப்படிக்குப் போக முடியவில்லை. அம்மா ஒரு தடவைகூட அதை எடுத்து வெளியே வைக்கச் சொல்லவில்லை.

இருபத்தாறாம் நாள் கற்பகம் பின்னால் வந்து திரையைப் பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.

"அப்பா பேரு இதுல எங்க வருது?"

"கடைசி லிஸ்ட்ல வராதும்மா. வாயால சொன்னதை அதுல சேர்க்க மாட்டாங்க. அச்சுல வந்தது மட்டும்தான்."

"அந்த சார் பேரு வருமா?"

"வரும்."

கற்பகம் கழியைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். பிறகு அங்கிருந்தே கேட்டாள்: "வேற எங்கயும் எடமே இல்லையா?"

அத்தியாயத்துக்குள் அவர் சொன்னது வரும் இடங்களில் பெயர் போட்டாயிற்று. சங்கரலிங்கம், நேர்ப்பேச்சு, தேதி. பதினான்கு இடத்திலும். அட்டவணையின் அடியில் இருந்த அந்த ஒற்றை வரியை அழித்து, எதை யார் அளந்தார், எந்த நாளில் என்று பிரித்து எழுதியாயிற்று. விஜி பக்கங்களை மேலே தள்ளினாள். அத்தியாயத்தின் தொடக்கத்தில் அட்டவணை 4.1 இருந்தது. கருவிகள். எஃகு நாடா, ஐந்து மீட்டர். மட்டக்கோல். அவ்வளவுதான்.

"இருக்கு" என்றாள். "அம்மா, அப்பா இனிஷியல் என்ன போடுவார்?"

"வே. வேலாயுதம். கையெழுத்துல போட மாட்டாரு, எடம் பத்தாதும்பாரு. நீ போடு."

அவள் மூன்றாவது வரியைச் சேர்த்தாள். கழியைத் திருப்பி, முழு நீளத்தையும் ஒருமுறை அளந்து சரிபார்த்துக்கொண்டு தட்டினாள்.

மூங்கில் கழி. செய்தவர், பயன்படுத்தியவர்: வே. சங்கரலிங்கம், ஓடைத் தொழிலாளி, மட்டாஞ்சேரி. நீளம்: ஏழு அடி எட்டு அங்குலம். பிரிவு: ஓர் அடி. தொடக்கப் பிழை: நாலு அங்குலம் கூடுதல், 2018 முதல். திருத்தம்: பயன்படுத்தியவர் ஒவ்வொரு முறையும் மனக்கணக்கில் செய்தார்.